நறுமண எண்ணெய் டேட்டாவை அலசுவது எப்படி? நீலகிரித் தைலத்தை வைத்து ஒரு வழிகாட்டி

ஜி.சி-எம்.எஸ் (கலவையைச் சேர்மங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் நிறையையும் அளக்கும்) கருவியில் எண்ணெயை ஓட்டி முடித்ததும் பகுப்பாய்வு முடிந்துவிட்டது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முடிந்தது பாதிதான். கருவி பதிவு செய்வது, நேரம் போகப் போக டிடெக்டரில் ஏறி இறங்கிய சிக்னலையும் இடைவிடாமல் எடுத்துக்கொண்டே வந்த மாஸ் ஸ்பெக்ட்ரங்களையும் (மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைப் பட்டியல்) மட்டும்தான். எந்த மேட்டை ஒரு பீக் என்று எண்ணுவது, அதன் பரப்பை எங்கே வெட்டுவது, அதற்கு என்ன பெயர் வைப்பது, சதவீதம் போடும்போது எதால் வகுப்பது, இதெல்லாம் நீங்கள் எடுக்கிற முடிவுகள். நீங்கள் எடுக்காவிட்டால் மென்பொருளின் டீஃபால்ட் அமைப்பு உங்களுக்காக எடுத்துவிடும். ஒரே ஃபைலை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு அட்டவணை வரலாம், இரண்டு பேருமே நேர்மையாக வேலை செய்திருந்தும்.

விளக்குவதற்கு நீலகிரித் தைலத்தை எடுத்துக்கொள்கிறேன். யூகலிப்டஸ் குளோபுலஸ் மரத்தின் இலையிலிருந்து ஊட்டி, குன்னூர்ப் பக்கம் காய்ச்சி எடுக்கிற எண்ணெய். இதில் பெரும்பங்கு 1,8-சினியோல். ஐரோப்பிய மருந்துக் கையேடு சினியோல் குறைந்தது 70% இருக்க வேண்டும், கற்பூரம் 0.1%-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. இப்படி ஒரு மேல் எல்லையும் ஒரு கீழ் எல்லையும் இருக்கும்போது, டேட்டாவைக் கையாளும் முறை எண்ணெயைத் தேறவும் வைக்கும், தோற்கவும் வைக்கும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மூல ஃபைலைக் கையில் வாங்குங்கள்

நம் கல்லூரிகளில் பலருக்குச் சொந்தமாகக் கருவி கிடையாது. சாம்பிளை வெளியே ஒரு மையத்துக்கு அனுப்புவோம், அங்கிருந்து ஒரு பிடிஎஃப் வரும். அதில் ஒரு குரோமட்டோகிராம் படம், கீழே பீக் எண், நேரம், பரப்புச் சதவீதம், லைப்ரரி (தெரிந்த சேர்மங்களின் ஸ்பெக்ட்ரத் தொகுப்பு) சொன்ன பெயர். அதை அப்படியே தீசிஸில் ஒட்டாதீர்கள். அந்த அட்டவணை யாரும் பார்த்துச் சரிசெய்யாமல் தானாக வந்ததாக இருக்கலாம். பணம் கட்டும்போதே மூல டேட்டா ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். கருவி நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் இருந்தால் சிடிஎஃப் அல்லது எம்இசட்எம்எல் என்ற பொது வடிவத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆம்டிஸ், ஓப்பன்குரோம், எம்இசட்மைன், எம்எஸ்-டயல் ஆகிய நான்குமே இலவச மென்பொருள்கள்தான், ஒரு சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

கூடவே இவற்றையும் கேளுங்கள்: சேர்மங்களைப் பிரிக்கிற நுண்குழாய் எது, நீளம் எவ்வளவு, வெப்பநிலை எந்த வேகத்தில் ஏறியது, ஸ்ப்ளிட் விகிதம் (செலுத்தியதில் எவ்வளவு வெளியே விடப்பட்டது), ஸ்கேன் எந்த நிறை எண்ணில் தொடங்கியது. கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அது முக்கியம். சினியோலின் ஸ்பெக்ட்ரத்தில் 43 என்ற நிறை எண் மிகப் பெரிய கோடுகளில் ஒன்று. ஸ்கேன் 50-இலிருந்து தொடங்கியிருந்தால் அந்தக் கோடே உங்கள் டேட்டாவில் இருக்காது, லைப்ரரி ஒப்பீட்டு மதிப்பெண்ணும் மாறிவிடும்.

அப்புறம் வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டிய பிளாங்க் ஃபைல், அதே நிலைமைகளில் ஓட்டிய ஆல்கேன் (நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்) கலவை ஃபைல். இந்த இரண்டும் இல்லாமல் பின்னால் வருகிற பாதிப் படிகள் நடக்காது. மூல ஃபைலின் ஒரு நகலைத் தனியாக வைத்துவிட்டு, மற்றொரு நகலில் வேலை செய்யுங்கள்.

படி 2: எதையும் சொடுக்காமல் கொஞ்ச நேரம் பாருங்கள்

முதலில் பிளாங்கையும் சாம்பிளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது எண்ணெயிலிருந்து வந்ததல்ல. வெப்பநிலை ஏறும்போது கடைசிப் பகுதியில் அடிக்கோடு மெதுவாக மேலே போனால் அது நுண்குழாயின் உட்பூச்சு கசிவது. அங்கே 73, 207, 281 என்ற நிறை எண்கள் தலைதூக்கினால் அது சிலாக்சேன், சிலிக்கான் சேர்ந்த பொருள். 149 ஓங்கி நின்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலிருந்து வந்த தாலேட். இந்த இரண்டு வகையையும் 'இலையில் கண்டறியப்பட்ட சேர்மங்கள்' என்று அட்டவணையில் போட்டு, அதற்கு மருத்துவ குணமும் எழுதிய கட்டுரைகள் நிறைய அச்சாகியிருக்கின்றன. வருத்தமான விஷயம் இது. ஐந்து நிமிடம் பிளாங்கைப் பார்த்திருந்தால் நடந்திருக்காது.

அடுத்து, மிகப் பெரிய பீக்கின் வடிவத்தைப் பாருங்கள். நல்ல பீக் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே சரிவில் இருக்கும். சினியோல் அளவுக்கு மீறிப் போயிருந்தால், டிபி-5 போன்ற துருவமற்ற குழாயில் முன்பக்கம் மெல்லச் சாய்வாக ஏறி, பின்பக்கம் செங்குத்தாக விழும். உச்சியும் சற்றுத் தள்ளிப் போய்விடும். அதைவிட மோசம், மாஸ் டிடெக்டர் நிரம்பிப்போய் உச்சி தட்டையாவது. அப்படி ஆனால் சினியோலின் உண்மையான அளவு பதிவாகவே இல்லை என்று அர்த்தம். பெரியது குறைந்தால் சதவீதக் கணக்கில் சின்னவை எல்லாம் தானாக உயரும். இதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. எண்ணெயை இன்னும் நீர்த்து, ஸ்ப்ளிட்டைக் கூட்டி, மறுபடி ஓட்டத்தான் வேண்டும். சின்னவற்றைப் பார்க்க ஒரு செறிந்த ஓட்டம், பெரியதை அளக்க ஒரு நீர்த்த ஓட்டம் என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

படி 3: இன்டெக்ரேஷன்

எங்கே பீக் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அடியில் கோடு எப்படிப் போகிறது என்று முடிவு செய்து பரப்பைக் கணக்கிடுவதுதான் இன்டெக்ரேஷன். மென்பொருளுக்கு மென்பொருள் பெயர்கள் மாறும், ஆனால் நீங்கள் தொடுகிற விசைகள் ஏறத்தாழ நான்கு: எவ்வளவு சரிவு வந்தால் பீக் என்று எண்ணுவது, எதிர்பார்க்கும் பீக் அகலம், எவ்வளவு சின்னப் பரப்பை ஒதுக்குவது, சிக்னலை எவ்வளவு வழவழப்பாக்குவது.

கடைசியிலிருந்து வருகிறேன். வழவழப்பாக்குவதற்கு 1964-இல் வந்த சாவிட்ஸ்கி-கோலே முறையைத்தான் இன்றைக்கும் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். இரைச்சல் குறையும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எடுக்கிற புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட பீக் அகலமாகி உயரம் குறையும், பெரிய பீக்கின் தோளில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னப் பீக் கரைந்து காணாமல் போகும். ஒரு பீக்குக்கு 10 முதல் 15 புள்ளிகள்தான் இருக்கிறதென்றால் 11 புள்ளி வடிகட்டி போடுவது அந்தப் பீக்கையே அழிக்கிற மாதிரி. அவசியம் இல்லாவிட்டால் தொடாதீர்கள். தொட்டால் குறைந்த புள்ளியில், எல்லா சாம்பிளுக்கும் ஒரே மாதிரி.

ஒதுக்கும் பரப்பு எல்லையும் அப்படித்தான். 0.1%-க்குக் கீழே எல்லாவற்றையும் தள்ளிவிடு என்று வைத்தால் அட்டவணை சுத்தமாக இருக்கும். ஆனால் நம் எண்ணெயில் கற்பூரத்தின் எல்லையே 0.1%. அதைத் தேட வேண்டிய இடத்தில் வலையின் கண்ணைப் பெரிதாக்கிவிட்டு, பிறகு 'கற்பூரம் இல்லை' என்று எழுதுவது சரியில்லை. குறைந்தது 0.01–0.02% வரை இறங்கிப் பாருங்கள், இரைச்சலுக்கு மேலே தெரிகிறதா என்று கண்ணால் சரிபாருங்கள், பிறகு அட்டவணையில் எதைக் காட்டுவது என்று தீர்மானியுங்கள்.

இதிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. குளோபுலஸ் எண்ணெயில், முக்கியமாகச் சுத்திகரிக்காத எண்ணெயில், டிரான்ஸ்-பினோகார்வியோல் ஓரளவு இருக்கும். டிபி-5 குழாயில் அதன் ரிடென்ஷன் இண்டெக்ஸ் (குழாயிலிருந்து எப்போது வெளிவரும் என்று காட்டும் எண், படி 4-இல் விளக்கம்) 1135, கற்பூரம் 1141. அதாவது பினோகார்வியோலின் வால் இறங்கி முடிவதற்குள் கற்பூரம் எழும். இங்கே மென்பொருள் இரண்டு விதமாக வெட்டலாம். இரண்டு பீக்குக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு போட்டால், வாலின் மீதியெல்லாம் கற்பூரத்தின் கணக்கில் சேரும். வாலின் சரிவை ஒட்டியே தொடுகோடாகச் சீவினால், சின்னப் பீக்கின் தலைப்பகுதி மட்டும் கற்பூரத்துக்குக் கிடைக்கும். முதல் முறையில் 0.13%, இரண்டாவது முறையில் 0.08% என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒன்று எல்லைக்கு வெளியே, மற்றது உள்ளே!

எது சரி? சின்னது பெரியதன் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்து, வாலின் மேல் உட்கார்ந்திருந்தால் சீவுவதுதான் பொதுவான வழக்கம். உயரங்கள் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் நேர்க்கோட்டு வெட்டு. ஆனால் எல்லைக்கு இவ்வளவு அருகில் வரும்போது வெட்டுகிற முறையை நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள். கற்பூரத்தின் முக்கிய நிறை எண்ணான 95-ஐ மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள், அல்லது டிபி-வாக்ஸ் போன்ற துருவக் குழாயில் ஓட்டுங்கள். அங்கே கற்பூரமும் பினோகார்வியோலும் வெகுதூரம் விலகிவிடும்.

கையால் அடிக்கோட்டை இழுத்துப் போடுவது பற்றி ஒரு வார்த்தை. சில இடங்களில் அது தேவைப்படும், தப்பில்லை. ஆனால் எந்தப் பீக்கில் இழுத்தீர்கள், ஏன் என்று குறித்து வையுங்கள். ஒரு சாம்பிளில் கையாலும் இன்னொன்றில் தானியங்கியாலும் வெட்டிவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால், எண்ணெய்களின் வித்தியாசத்தோடு வெட்டின வித்தியாசமும் கலந்துவிடும்.

படி 4: ரிடென்ஷன் இண்டெக்ஸ் கணக்கு

வெறும் நேரத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. குழாயைக் கொஞ்சம் வெட்டினாலே நேரம் மாறும். அதனால்தான் ஆல்கேன்களை அளவுகோலாக வைத்து இண்டெக்ஸ் கணக்கிடுகிறோம். நிலையான வெப்பநிலைக்கு 1958-இல் கோவாட்ஸ் கொடுத்தது மடக்கை வாய்பாடு. வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிற ஓட்டத்துக்கு 1963-இல் வான் டென் டூலும் கிராட்ஸும் கொடுத்தது நேர்விகித வாய்பாடு. நறுமண எண்ணெய்க்கு நாம் எப்போதும் வெப்பநிலையை ஏற்றித்தான் ஓட்டுகிறோம், ஆகவே இரண்டாவதைப் பயன்படுத்த வேண்டும். பல கட்டுரைகளில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு 'கோவாட்ஸ் இண்டெக்ஸ்' என்று எழுதியிருப்பார்கள், குழம்பாதீர்கள்.

கணக்கு எளிது. டெக்கேன் 10.00 நிமிடத்தில் வந்தது, அன்டெக்கேன் 13.40-இல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நம் பீக் 10.88-இல். டெக்கேனுக்குப் பிறகு 0.88 நிமிடம், இரண்டு ஆல்கேனுக்கும் இடைவெளி 3.40. வகுத்து நூறால் பெருக்கினால் 26. டெக்கேனுக்கு 1000, ஆக 1026. நறுமண எண்ணெய்ச் சேர்மங்களுக்கென்று ஆடம்ஸ் தொகுத்த பட்டியலில் 1,8-சினியோலின் மதிப்பு சரியாக அதுதான்.

இப்போது அதே சினியோல் அளவுக்கு மீறிப் போய் உச்சி 11.15-க்குத் தள்ளியிருந்தால்? 1034 வரும். பட்டியலோடு ஒப்பிட்டு 'இது சினியோல் இல்லை' என்று ஒருவர் முடிவு செய்யலாம், அல்லது அந்த எண்ணுக்குப் பொருந்துகிற வேறொரு பெயரை எடுத்து ஒட்டலாம். பெரிய பீக்குகளின் இண்டெக்ஸை எப்போதும் நீர்த்த ஓட்டத்திலிருந்து எடுங்கள்.

ஒப்பிடும் மதிப்பு எந்தக் குழாயைச் சேர்ந்தது என்பதையும் பாருங்கள். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் லைப்ரரியில் ஒரே சேர்மத்துக்குத் துருவமற்றது, 'செமி-ஸ்டாண்டர்ட்' துருவமற்றது, துருவமுள்ளது என்று தனித்தனியாக இருக்கும். டிபி-5, எச்பி-5 வகைக்கு நடுவில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் முதல் வரியை எடுத்துவிடுவார்கள். டிபி-5-இல் உங்கள் மதிப்புக்கும் பட்டியலுக்கும் 5 முதல் 10 அலகு வரை வித்தியாசம் இருந்தால் ஏற்கலாம். வாக்ஸ் குழாயில் இன்னும் தாராளமாக இருக்க வேண்டிவரும், குழாயின் வயதும் வெப்பநிலையும் அங்கே அதிகம் விளையாடும்.

படி 5: லைப்ரரி சொல்வதை எவ்வளவு நம்பலாம்

இன்டெக்ரேஷன் முடிந்ததும் மென்பொருள் ஒவ்வொரு பீக்குக்கும் லைப்ரரியில் தேடி ஒரு பெயரும் 999-க்குள் ஒரு மதிப்பெண்ணும் கொடுக்கும். நிஸ்ட் சொல்கிற பொதுவான அளவு இது: 900-க்கு மேல் மிக நன்று, 800–900 நன்று, 700–800 சுமார், 600-க்குக் கீழே மிக மோசம். இந்த எண் ஸ்பெக்ட்ரம் எவ்வளவு பொருந்துகிறது என்றுதான் சொல்கிறது. பெயர் சரியா என்பது வேறு கேள்வி. நறுமண எண்ணெயில் நிறைந்திருக்கும், அமைப்பில் ஒன்றையொன்று ஒத்த டெர்பீன்களில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிக அதிகம்.

குளோபுலஸ் எண்ணெயின் கடைசிப் பகுதியில் குளோபுலால் வரும். ஆடம்ஸ் பட்டியலில் அதன் இண்டெக்ஸ் 1590, விரிடிஃப்ளோரால் 1592. இரண்டும் ஒரே மூலக்கூறு வாய்பாடு, ஸ்பெக்ட்ரமும் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள். லைப்ரரி ஒரு சாம்பிளில் குளோபுலாலை முதலில் போடும், அடுத்ததில் விரிடிஃப்ளோராலை. மதிப்பெண் இரண்டுக்குமே 900-க்கு மேல் இருக்கலாம். இங்கே முதல் பெயரை எடுத்து எழுதினால், ஒரே சேர்மம் இரண்டு மரத்தில் இரண்டு பெயரோடு உங்கள் அட்டவணையில் உட்கார்ந்துவிடும், அப்புறம் அதை வைத்து 'மரங்களுக்குள் வேறுபாடு' என்று ஒரு பத்தியும் எழுதிவிடுவீர்கள். தூய சேர்மத்தை ஓட்டிப் பார்க்க வழியிருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு குழாய்களின் இண்டெக்ஸ். அதுவும் இல்லாவிட்டால் 'தற்காலிக அடையாளம்' என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தேடலுக்கு எந்த ஸ்பெக்ட்ரத்தைக் கொடுக்கிறீர்கள் என்பதும் உங்கள் முடிவுதான். குவாட்ரபோல் கருவி நிறை எண்களை ஒன்றன்பின் ஒன்றாக அளக்கிறது. அளந்து முடிப்பதற்குள் பீக் ஏறியிருக்கும் அல்லது இறங்கியிருக்கும், ஆகவே ஏறுபக்கத்து ஸ்கேனும் இறங்குபக்கத்து ஸ்கேனும் விகிதத்தில் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பீக்கின் மேல்பாதியிலுள்ள ஸ்கேன்களைச் சராசரி எடுத்து, பக்கத்து அடிக்கோட்டு ஸ்கேன்களைக் கழித்து, அந்தச் சுத்தமான ஸ்பெக்ட்ரத்தைத் தேடலுக்குக் கொடுங்கள். சின்னப் பீக்குகளில் இந்தக் கழித்தல் ஒன்றே சேர்மத்தின் பெயரை மாற்றிவிடும்.

படி 6: ஒன்றாகச் சேர்ந்து வரும் பீக்குகள்

நீலகிரித் தைலத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. டிபி-5-இல் பாரா-சைமீன் 1020, லிமோனீன் 1024, பீட்டா-ஃபெலாண்ட்ரீன் 1025, சினியோல் 1026. நாம் மேலே போட்ட கணக்கில் ஒரு இண்டெக்ஸ் அலகு என்பது 0.034 நிமிடம். லிமோனீனுக்கும் சினியோலுக்கும் இடையே இரண்டு அலகு, அதாவது நான்கு நொடி. ஒரு பீக்கின் அகலமே நான்கைந்து நொடி. பற்றாததற்கு சினியோல் மலைபோல எழுந்து முன்பக்கம் சாய்ந்திருக்கும், லிமோனீன் அதற்குள் புதைந்துவிடும். மென்பொருள் இதை ஒரே பீக்காக வெட்டி, 'சினியோல்' என்று பெயர் வைத்து, 900-க்கு மேல் மதிப்பெண்ணும் கொடுக்கும். லிமோனீன் அட்டவணையில் இருக்காது, சினியோல் அதன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். அந்தப் பீக்கின் முன்விளிம்பில் ஒரு ஸ்பெக்ட்ரம், உச்சியில் ஒன்று, பின்விளிம்பில் ஒன்று எடுத்து அடுத்தடுத்து வையுங்கள். தூய சேர்மமாக இருந்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். முன்விளிம்பில் 68-உம் 93-உம் ஓங்கியிருந்து, உச்சிக்குப் போகப் போக 43, 108, 154 மேலே வந்தால் உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள். அடுத்து 68-க்கும் 154-க்கும் தனித்தனி அயன் குரோமட்டோகிராம் (அந்த ஒரு நிறை எண்ணின் சிக்னல் மட்டும்) வரையுங்கள். இரண்டின் உச்சிகளும் வெவ்வேறு நேரத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

பிரித்து அளப்பதற்கு மூன்று வழி. முதலாவது, என் பார்வையில் சிறந்ததும் அதுதான், வாக்ஸ் குழாயில் எஃப்.ஐ.டி. (சுடரில் எரித்து அளக்கும்) டிடெக்டரோடு இன்னொரு ஓட்டம். அங்கே லிமோனீன் 1200 அருகிலும் சினியோல் 1211 அருகிலும் வரும், தனித்தனியாக வெட்டலாம். மருந்துக் கையேட்டு முறையும் இந்த வகைக் குழாயைத்தான் கேட்கிறது. ஆனால் வாக்ஸில் பீட்டா-ஃபெலாண்ட்ரீன் சினியோலோடு போய் ஒட்டிக்கொள்ளும், அதனால் அதே குழாயில் மாஸ் டிடெக்டரோடும் ஓட்டி 93-ஐ ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அயனை வைத்துக் கணக்கு. தூய லிமோனீனை அதே முறையில் ஓட்டி, மொத்த அயன் பரப்பில் 68 மட்டும் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். உதாரணத்துக்கு 12% என்று வந்தால், கலவையில் கிடைத்த 68-இன் பரப்பை 0.12-ஆல் வகுத்தால் லிமோனீனின் பங்கு கிடைக்கும், அதைக் கூட்டுப் பீக்கிலிருந்து கழித்துவிடலாம். தூய சினியோலும் 68-இல் கொஞ்சம் கொடுக்கும், அதையும் ஓட்டிப் பார்த்துக் கழிக்க மறக்க வேண்டாம்.

மூன்றாவது, டீகன்வல்யூஷன். ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிற அயன்களைக் குழுவாகச் சேர்த்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுத்தமான ஸ்பெக்ட்ரம் எடுப்பது. இதற்கு ஆம்டிஸ் நல்ல கருவி. ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தச் சோதனைகளுக்காக நிஸ்ட் உருவாக்கியது, இன்று நம்மைப் போன்றவர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. பீக் அகலம், அருகிலுள்ள பீக்கைக் கழித்தல், பிரிதிறன், உணர்திறன், வடிவக் கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் அது கேட்கும். தொடக்கத்தில் கடைசி மூன்றையும் நடுநிலையில் வையுங்கள். உணர்திறனையும் பிரிதிறனையும் உச்சத்துக்கு ஏற்றினால் இரைச்சலைக்கூடச் சேர்மம் என்று எண்ணிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பட்டியல் கொடுக்கும். 'இதுவரை யாரும் சொல்லாத 140 சேர்மங்கள்' என்ற வகைக் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த அமைப்பைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். ஆம்டிஸை அடையாளம் காண வைத்துக்கொள்ளுங்கள். அது கொடுக்கிற அளவை அப்படியே சதவீதமாக எழுதாதீர்கள்.

படி 7: சதவீதம்

எல்லாப் பரப்பையும் கூட்டி, ஒவ்வொன்றையும் அதால் வகுத்து நூறால் பெருக்குவது. இவ்வளவுதானே என்று தோன்றும். இதற்குள்ளேயே இரண்டு பெரிய முடிவுகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, எதால் வகுக்கிறீர்கள்? கரைப்பான் பீக்கை விட்டுவிட்டு மீதி எல்லாப் பீக்காலும் வகுத்தால் சினியோல் 68.5% என்று வைத்துக்கொள்வோம். அடையாளம் கண்டவை மொத்தம் 94%, மீதி 6% பெயர் தெரியாதவை. சிலர் பெயர் தெரியாதவற்றை நீக்கிவிட்டு, அடையாளம் கண்டவற்றை மட்டும் 100% ஆக்குவார்கள். 68.5-ஐ 0.94-ஆல் வகுத்தால் 72.9. எண்ணெய் 70% எல்லையைத் தாண்டிவிட்டது! பாட்டிலில் இருப்பது அதே எண்ணெய்தான். பெயர் தெரியாவிட்டாலும் அவை எண்ணெயின் பகுதிதான், வகுக்கும் எண்ணில் அவை இருக்க வேண்டும். 'அடையாளம் காணாதவை 6.0%' என்று ஒரு வரி எழுதிவிட்டால் படிக்கிறவருக்கு எல்லாம் தெளிவாகும்.

இரண்டு, எந்த டிடெக்டரின் பரப்பு? மாஸ் டிடெக்டரின் மொத்த அயன் சிக்னல் ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும், ஸ்கேன் எல்லையையும் டியூனிங்கையும் பொறுத்துக்கூட மாறும். அளவுக்கு எஃப்.ஐ.டி.-யை நம்புங்கள், பெயருக்கு மாஸ். ஆனால் எஃப்.ஐ.டி.-யும் எல்லாரையும் சமமாக நடத்துவதில்லை. அது எரியும் கார்பனைத்தான் எண்ணுகிறது, ஆக்சிஜனோடு கட்டுண்ட கார்பன் குறைவாகவே எண்ணப்படும். கார்பன் கணக்குப்படி பார்த்தால், ஒரு கிராம் லிமோனீன் தருகிற சிக்னலில் ஒரு கிராம் சினியோல் தருவது சுமார் 80% மட்டும். எடையில் 70% சினியோலும் 30% ஹைட்ரோகார்பன் டெர்பீன்களும் கொண்ட ஒரு கலவையின் பரப்புச் சதவீதம் சினியோலுக்கு 65 அருகில்தான் வரும். எலுமிச்சைப் புல் எண்ணெயில் சிட்ராலுக்கும் இதே கதைதான்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் திருத்தக் காரணி போட வேண்டுமா? கேள்வியைப் பொறுத்தது. மருந்துக் கையேட்டின் 70% என்பது பரப்புச் சதவீதம்தான், அதோடு ஒப்பிடும்போது திருத்தாத பரப்பையே வையுங்கள். 'ஒரு கிராம் எண்ணெயில் எத்தனை மில்லிகிராம் சினியோல்' என்று சொல்ல வேண்டுமானால் தெரிந்த அளவில் ஒரு உள் தரப்பொருள் சேர்த்து, தூய சினியோலை வைத்து அளவுக்கோடு போட்டு அளக்க வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள். அட்டவணையின் தலைப்பில் 'செறிவு %' என்று எழுதாமல் 'பரப்பு %' என்று எழுதுங்கள்.

படி 8: பல சாம்பிள்களை ஒப்பிடும்போது

பத்து இருபது மரங்களின் எண்ணெயை வைத்து பிசிஏ (பல அளவீடுகளை இரண்டு மூன்று அச்சுகளில் சுருக்கும் முறை) படம் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். வரட்டும். ஆனால் அதற்கு முன் ஒரே சேர்மம் எல்லா சாம்பிளிலும் ஒரே பெயரில், ஒரே வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன குளோபுலால்-விரிடிஃப்ளோரால் குழப்பம் இங்கே வந்தால் படத்தில் இல்லாத இரண்டு கூட்டம் தோன்றும்.

அப்புறம் ஸ்கேலிங். ஒன்றும் செய்யாமல் போட்டால் சினியோலின் ஏற்ற இறக்கம் மட்டும்தான் படத்தில் தெரியும், மற்றவை மூழ்கிவிடும். ஒவ்வொரு சேர்மத்தையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுத்தால் 0.02% இருக்கிற இரைச்சல் பீக்குக்கும் சினியோலுக்கும் ஒரே எடை கிடைக்கும். திட்ட விலக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கிற பரேட்டோ முறை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மூன்று விதத்திலும் போட்டுப் பாருங்கள், கூட்டங்கள் மூன்றிலும் நிலைக்கிறதா என்று கவனியுங்கள். ஒன்றில் மட்டும் வருகிற கூட்டத்தை வைத்து 'புதிய வேதிவகை' என்று அறிவிக்காதீர்கள்.

சதவீதம் என்பதால் இன்னொரு பிரச்சினையும் உண்டு. கூட்டுத்தொகை எப்போதும் 100. சினியோல் ஏறினால் மற்றவற்றின் கூட்டு இறங்கித்தான் தீர வேண்டும், ஆல்ஃபா-பைனீனும் பெரும்பாலும் இறங்கும், மரம் பைனீனைக் குறைக்காவிட்டாலும்கூட. அதைப் பார்த்துவிட்டு இரண்டுக்கும் எதிர்மறைத் தொடர்பு, ஒரே முன்னோடிக்குப் போட்டி என்று உயிர்வேதியியல் கதை எழுதுவது சுலபம். 1980-களில் ஜான் அய்ச்சிசன் இந்த வகை டேட்டாவுக்கு விகிதங்களின் மடக்கையை எடுக்கும் முறையை உருவாக்கினார். இன்று ஆர், பைத்தான் இரண்டிலும் ஒரு வரியில் செய்யலாம். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது என்பதால் 'காணவில்லை' என்ற இடங்களில் என்ன போடுவது என்று முடிவெடுக்க வேண்டிவரும். கண்டறியும் எல்லையில் பாதி போடுவது பலரின் வழக்கம். எது போட்டாலும் எழுதுங்கள், பாதி சாம்பிள்களுக்கு மேல் காணாத சேர்மத்தை அந்தக் கணக்கிலிருந்தே விட்டுவிடுங்கள்.

படி 9: எழுதி வைப்பது

செய்முறைப் பகுதியில் 'ஜி.சி-எம்.எஸ் மூலம் பகுப்பாய்வு செய்து நிஸ்ட் லைப்ரரியோடு ஒப்பிடப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், உங்கள் அட்டவணையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது. குறைந்தபட்சம் இந்த மாதிரி எழுதுங்கள்: 'பரப்பு எஃப்.ஐ.டி. சிக்னலிலிருந்து, வழவழப்பாக்காமல் எடுக்கப்பட்டது. 0.02%-க்குக் குறைந்த பீக்குகள் ஒதுக்கப்பட்டன. பெரிய பீக்கின் வாலில் இருந்த பீக்குகள் தொடுகோட்டு முறையில் வெட்டப்பட்டன. கரைப்பான் நீங்கலாக, பெயர் தெரியாதவை உட்பட எல்லாப் பீக்குகளின் கூட்டுத்தொகை 100% எனக் கொள்ளப்பட்டது, திருத்தக் காரணி பயன்படுத்தவில்லை. லிமோனீனும் சினியோலும் வாக்ஸ் குழாயில் அளக்கப்பட்டன. ஸ்பெக்ட்ரம் ஒப்பீடு 850-க்கு மேலும், இண்டெக்ஸ் வித்தியாசம் 10-க்குள்ளும் இருந்தால் மட்டும் பெயர் தரப்பட்டது.' உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், அவற்றை முதல் சாம்பிளைத் திறப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கணக்கிட்ட இண்டெக்ஸ், பட்டியல் இண்டெக்ஸ், அடையாளம் கண்ட வழி என்று மூன்று நெடுவரிசை இருக்கட்டும். மென்பொருளின் பெயரோடு பதிப்பு எண்ணையும், லைப்ரரி எந்த ஆண்டினுடையது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.